விசாரணைக்கு வந்தவருக்கு நண்டுக் கறி

மாமி வீட்டு வாசலான கடப்படியைத் தாண்டி உள்ளே போன எவரும் வெறும் வாயோடு வெளியே வந்ததில்லை. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அரசாங்கத்திடமிருந்து அவருக்குக் கிடைக்க வேண்டியவை எல்லாம் கிடைக்காமல் போனது இந்த ஒரு குணத்தால்தான். பாதி வாழ்நாளை அவரும், என் இளமையில் சில வருடங்களை நானும் அதற்குப் பலி கொடுத்தோம்.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டுக்குத்தான் மாப்பிள்ளை குடிபோவான். அப்படித்தான் நானும் வந்தாறுமூலையிலிருந்து ஒரு சூட்கேசோடு கல்லடிக்கு வந்து சேர்ந்தேன். வந்த மறுநாள் காலையில் வேலியில் ஆள் நுழைய விட்டிருந்த பொட்டுக்குள்ளால் ஒரு பெண் நுழைந்து வந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே முருங்கைக்காய் அளவுக்குத்தான் இருந்தது. வலது அக்குளில் ஊன்றி நடக்க ஒரு பொல்லு. இடது கையில் மூடி வைத்த கோப்பை. மணலில் பொல்லு புதையப் புதைய அவர் வந்தாரே தவிர, கோப்பை ஒரு பக்கமும் சாயவில்லை. உள்ளே இடியப்பமும் தேங்காய்ப்பால் விட்ட மீன் ஆணமும் இருந்தன. என் மனைவிக்குப் பெரியம்மா முறை, எனக்கு மாமி. அன்று தொடங்கிய கோப்பை நான் இரண்டு காற்சட்டைகளை விரித்துத் தைக்கும் வரைக்கும் நிற்கவில்லை.

ஆட்கள் சாப்பிடும்போது மாமி உட்கார மாட்டார். தூணில் சாய்ந்து நின்று, உண்பவரின் முகத்தைப் பாராமல் கோப்பையையே பார்த்துக்கொண்டிருப்பார். சோற்றுக்கு நடுவே கோப்பையின் அடி கொஞ்சம் தெரிந்தால் போதும், அகப்பை வந்துவிடும். யாராவது கதை சொல்லத் தொடங்கினால், "சும்மா வாயோட என்ன கதை" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போவார். திரும்பி வரும்போது ஏதாவது இருக்கும். ஒன்றுமே இல்லாத நாளில் வட்டா இருக்கும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு வைக்கும் அந்தப் பித்தளைத் தட்டு ஒன்றுதான் அந்த வீட்டில் விலைபோகக்கூடிய பொருள். வெள்ளிக்கிழமைகளில் பழப்புளி போட்டு அதை மினுக்குவார். வட்டாவை முன்னால் வைத்தால்தான் வந்தவரை மதித்ததாகும் என்பது எங்கள் ஊர் வழக்கம். மற்றவர்கள் கலியாணத்துக்கும் சடங்குக்கும் வைப்பார்கள். மாமி மீட்டர் பார்க்க வந்தவனுக்கும் வைப்பார்.

அவருக்கு ஆள் துணை இல்லை. மூத்த பெண் என்பதால் தாய் வீடு அவர் பேரில் எழுதப்பட்டிருந்தது. வீட்டைக் காட்டினால் மாப்பிள்ளை வருவான் என்று பெற்றவர்கள் நினைத்தார்கள். வீட்டைப் பார்க்க நிறையப் பேர் வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். தங்கைக்குச் சித்தாண்டியில் வட்டை கிடைத்தது. அந்த வயல்களுக்குப் பக்கத்திலேயே அவள் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டாள். மாமி பாலத்தடித் தேநீர்க் கடைக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்துச் சீவித்தார். பிறகு சண்டை வந்தது, ஊரடங்கு வந்தது, தேநீர்க் கடைக்காரர் கதவைப் பூட்டிவிட்டு எங்கோ போனார். மாமியின் அடுப்பு ஒரு நேரத்துக்கு மட்டும் எரியத் தொடங்கியது. தங்கை வந்து, "எங்களோட வந்து இரு அக்கா" என்று அழுதாள். மாமி போகவில்லை. ஏன் என்று நான் கேட்டேன்.

"அவள் என்னைத் தங்கமாத்தான் பாப்பாள் மருமகன். ஆனா அங்க போனா, சாகும் வரைக்கும் நான் வந்த ஆள். ஆரு வந்தாலும் வாங்க எண்டு சொல்ல எனக்கு ஒரு அடுப்பு வேணும்."

அந்த அடுப்பைக் காப்பாற்றும் வேலையை நான் பொறுப்பெடுத்தேன். கூட்டுறவுச் சங்கக்கடையில் எழுதுவினைஞனாக இருந்தவன், கடிதம் எழுதத் தெரிந்தவன், அரசாங்கத்தை நம்பியவன். இயலாதவர்களுக்கு மாதாமாதம் கொடுக்கும் உதவிக்கு மனுப்போட்டேன். ஊரில் அதற்குப் பிச்சைச் சம்பளம் என்று பெயர். அந்தச் சொல்லை மாமிக்கு முன்னால் சொன்ன என் மைத்துனனுக்கு அன்று தேநீர் கிடைத்தது, சீனி கிடைக்கவில்லை. மாமி ஒருவருக்குச் செய்த ஆகக் கூடிய தண்டனை அதுதான்.

விசாரணைக்கு ஒரு உத்தியோகத்தர் வருவார் என்று நாள் குறித்துக் கடிதம் வந்தது. நான் அதை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். விஷயம் கெட்டது அங்கேதான். அன்று கடையிலிருந்து அரை நாள் லீவு போட்டு வந்து பார்த்தால், கடப்படியிலேயே நண்டுக் கறி மணக்கிறது. கதிரையில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. அதற்கு முன்னால் வட்டா. வளவில் மேய்ந்த இரண்டு கோழிகளில் ஒன்றைக் காணவில்லை. அரிசி எங்கள் வீட்டு அரிசி, நண்டு கடன் நண்டு, தயிர்ச் சட்டி அடுத்த வளவுக்காரியுடையது. கதிரைக்கு விரித்த வெள்ளையும் எங்கள் கலியாணத்துக்கு வந்ததுதான்.

குடையோடு வந்த உத்தியோகத்தர் வயதான, சாதுவான மனிதர். முதலில் மறுத்தார். "சும்மா வாயோட என்ன விசாரணை சேர்" என்றார் மாமி. அவர் உட்கார்ந்தார். நண்டின் ஓட்டைக் கடித்து உடைக்கும் சத்தத்துக்கு நடுவே வருமானம் என்ன, பிள்ளைகள் உண்டா, வீடு யாருடையது என்று கேட்டுக்கொண்டார். மாமி எல்லாவற்றுக்கும் உண்மையே சொன்னார். நான் பக்கத்தில் நின்று, இது கடன் சேர், அது இரவல் சேர் என்று சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் மாமி என்னைப் பார்த்த பார்வையில் வாய் தானாக மூடிக்கொண்டது. மூன்றாம் தரம் சோறு வாங்கி, தயிரும் சாப்பிட்டு, வெற்றிலையும் போட்டுக்கொண்டு அவர் போனார்.

பதில் வர நாள் எடுத்தது. சொந்த வீடு உண்டு, வசதியாகச் சீவிக்கிறார், சமைப்பதில் நல்ல திறமையுள்ளவர் என்பதால் உதவி தேவையில்லை என்று அதில் இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. தின்ற நண்டு செமிக்கக்கூடாது என்று அந்த மனிதரைச் சபித்தேன். மாமி கடிதத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். "கடைசி வரிய இன்னொருக்கா" என்றார். வாசித்தேன்.

"பாத்தீங்களா மருமகன், நான் நல்லாச் சமைப்பன் எண்டு அரசாங்கமே எழுதியிரிக்கு" என்றார். உண்மையில் சந்தோஷப்பட்டார்.

இது புதிதல்ல என்பதும் அன்றுதான் தெரிந்தது. காலில் நோய் வந்து, மாமி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயதில், இப்படியான பிள்ளைகளுக்கு அரசாங்கம் இரும்புக் கம்பி வைத்த சப்பாத்து கொடுத்ததாம். அதற்கும் ஒருவர் பார்க்க வந்தாராம். மாமியின் தாய் அவருக்கு இலை போட்டிருக்கிறார். ஆணத்தைக் கொண்டுபோய் வைக்கும்படி மகளை அனுப்பியிருக்கிறார். அப்போது பொல்லுக்கூட இல்லை. சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் தெத்தித் தெத்தி, மற்றக் கையில் ஆணச் சட்டியோடு அந்தச் சிறுமி போயிருக்கிறாள்.

"ஒரு சொட்டு சிந்தல்ல" என்றார் மாமி. இந்த வயதிலும் அதைச் சொல்லும்போது கழுத்து நிமிர்ந்தது.

பிள்ளை நன்றாக நடமாடுகிறாள் என்று வந்தவர் எழுதிக்கொண்டு போனார். சப்பாத்து வரவில்லை. அது வந்திருந்தால் இந்தப் பொல்லு தேவைப்பட்டிருக்காதே என்று கேட்டேன். இருக்கலாம் என்றார். பிறகு, "அந்த மனுசன் இரண்டு தரம் ஆணம் கேட்டு வாங்கினார்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. இந்த மனுசியைத் திருத்த முடியாது என்று கோபமும் வந்தது. மூன்றும் சேர்ந்து வந்தால் என்ன செய்வதென்று தெரியாமல் எழும்பி வீட்டுக்குப் போய்விட்டேன்.

அடுத்ததாக மேன்முறையீடு போட்டேன். மாமியை வைத்தியரிடம் காட்டி வரச் சொன்னார்கள். பட்டணத்துக்குப் பாலம் கடக்க வேண்டும். சைக்கிள் கரியரில் மாமி, அவர் மடியில் பொல்லு, பொல்லுக்கு மேலே ஒரு பொதி. என்ன பொதி என்று கேட்டேன். பொரிமா உருண்டை என்றார். ஒருவரைத் தேடிப்போகும்போது வெறுங்கையோடு போவதா என்று என்னையே திருப்பிக் கேட்டார். பாலத்தில் ஆமி சோதனை பார்க்கும் சென்றியில் எல்லோரையும் போல நாங்களும் இறங்கினோம். ஆமிக்காரன் பொல்லைத் தட்டிப் பார்த்தான், பொதியை அவிழ்க்கச் சொன்னான். மாமி ஒரு உருண்டையை எடுத்து அவனிடம் நீட்டினார். அவன் சின்னப் பெடியன், மீசைகூடச் சரியாக வரவில்லை. முதலில் மாமியையே தின்னும்படி கையால் காட்டினான். மாமி தின்றார். பிறகு அவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டு எங்களைப் போகவிட்டான்.

ஆஸ்பத்திரியில் நடந்து காட்டச் சொன்னார்கள். வாசலில் வைத்தே நான் மாமியிடம் கெஞ்சியிருந்தேன், கொஞ்சம் தடுமாறினால் நல்லது என்று. கலியாண வீட்டில் எல்லோரும் பார்க்க நடப்பவரைப் போல, தலையை நிமிர்த்தி, பொல்லுச் சத்தம்கூடக் கேட்காமல் அவர் நடந்தார். நடந்து போய்ப் பொதியை மேசையில் வைத்தார். அங்கிருந்த எழுதுவினைஞர் அதை லஞ்சம் என்று நினைத்துச் சத்தம் போட, அது வேறு கதையாகிப் போனது. நல்ல காலம், வைத்தியர் நடையைப் பாராமல் காலைத் தொட்டுப் பார்த்தார். இந்தக் கால் இனித் தேறாது என்று எழுதிக் கொடுத்தார். ஆனால் வீட்டுக்கு மறுபடி ஒருவர் வந்து பார்க்க வேண்டுமாம்.

அவர் வருவதற்கு முன் ஷெல் வந்தது. சண்டை திரும்பவும் மூண்டு, எங்கள் பக்கம் இருக்க முடியாமல், வாவியைத் தோணியில் கடந்து ஒரு பள்ளிக்கூடத்தில் போய் ஒதுங்கினோம். மாமி பொல்லையும் வட்டாவையும் மட்டும் கொண்டு வந்தார். ஒரு வகுப்பறையில் எட்டுக் குடும்பம். சமையல் பொதுச் சமையல், வரிசையில் நின்று வாங்க வேண்டும். மாமிக்கு வேண்டியதை என் மனைவி வாங்கி வந்து கொடுப்பாள். அந்த நாட்களில் மாமி பேச்சைக் குறைத்துக்கொண்டார். வெற்றிலை இல்லாத வட்டா தலைமாட்டில் கவிழ்ந்து கிடந்தது.

அங்கேதான் புது உத்தியோகத்தர் வந்தார். வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகாத இளைஞர். மாமியின் பழைய மனுவைக் கையோடு கொண்டு வந்திருந்தார். மாமி பாயில் இருந்தபடியே அவரைப் பார்த்தார், பிறகு சுற்றிவரப் பார்த்தார். கதிரை இல்லை. பானையில் தண்ணீரும் முடிந்திருந்தது. அந்த இளைஞர் நின்றபடியே நாலு கேள்வி கேட்டார், எழுதினார், கிடைக்கும் அம்மா என்று சொல்லிவிட்டு அடுத்த பாய்க்குப் போனார். நான் இத்தனை வருடம் ஓடித் திரிந்த காரியம் ஒரு பீடி குடிக்கும் நேரத்தில் முடிந்தது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. திரும்பிப் பார்த்தால் மாமி அழுதுகொண்டிருந்தார். வீட்டை விட்டுத் தோணி ஏறியபோதும் அழாதவர்.

"வந்த புள்ளைய வெறும் வாயோட அனுப்பிப்போட்டன். அப்பிடி அனுப்பினாத்தான் இந்தக் காசு தருவாங்களா மருமகன்?"

தலைமாட்டில் கவிழ்ந்து கிடந்த வட்டாவை நான் நிமிர்த்தி வைத்தேன்.

திரும்பி வந்தபோது வீட்டுக் கூரையில் பாதி இல்லை. குசினி தப்பியிருந்தது. தபால் கந்தோரில் மாதாமாதம் காசு வந்தது. அது பெரிய தொகை இல்லை, ஆனால் அடுப்பு இரண்டு நேரம் எரிந்தது. கோழி வந்தது, இடியப்ப உரல் வந்தது, கோப்பை வேலியைத் தாண்டத் தொடங்கியது. தங்கை சித்தாண்டியிலிருந்து வந்து பார்த்துவிட்டு, இனிக் கூப்பிடுவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆனால் அந்த இளைஞர் இடைக்கிடை வந்து பார்க்க வேண்டுமாம். ஆள் இன்னும் கஷ்டத்தில்தான் இருக்கிறாரா என்று எழுத வேண்டும், வசதி வந்துவிட்டால் காசை நிறுத்த வேண்டும். இது தெரிந்ததும் நான் மனைவியிடம் சொல்லி வட்டாவை எங்கள் வீட்டு நெல்லுப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தேன். பயன்? அவர் வந்த அன்று மாமி வாழையிலையில் வெற்றிலை வைத்துக் கொடுத்தார். பிட்டும் திரளி மீனும் கொடுத்தார். மறுநாள் காலையில் என் மனைவியிடம் வந்து, "என்ட வட்டாவுக்கு உங்கட நெல்லுக்க என்ன வேலை?" என்று மட்டும் கேட்டு வாங்கிப் போனார்.

அந்த இளைஞர் சாப்பிட்டுவிட்டுக் கடப்படியில் என்னைத் தனியே கூப்பிட்டார். முகத்தில் மீன் தின்ற சந்தோஷமும் அரசாங்கப் பயமும் ஒன்றாக இருந்தன. "அண்ணன், இப்பிடிச் சாப்பாடு போடுறா எண்டு எழுதினா மேல நிப்பாட்டிப் போடுவாங்க. பொய்யும் எழுத ஏலாது. ஆள் வீட்டில இல்ல, மறுகா வரவேணும் எண்டு போடுறன்" என்றார். அதுவும் பொய்தான் என்று நான் சொல்லவில்லை. அடுத்த தரமும் அப்படியே எழுதினார், அதற்கடுத்த தரமும் அப்படியே. அரசாங்கத்தின் பார்வையில் எங்கள் மாமி எப்போது பார்த்தாலும் ஊர் சுற்றும் பெண்ணாகிவிட்டார். இந்தப் பகிடியை என்னால் வயிற்றுக்குள் வைத்திருக்க முடியவில்லை. ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவே மாமிக்கே சொல்லிவிட்டேன்.

மாமி சிரிக்கவில்லை. அகப்பையைச் சட்டிக்குள் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு சில நாள் கோப்பை வந்தது, பேச்சு வரவில்லை.

அடுத்த முறை அந்த இளைஞர் வந்தபோது வெள்ளை விரித்திருந்தது. வட்டா பளபளத்தது. நண்டு, இறால், கீரைச் சுண்டல், தயிர். எனக்குத் தலை சுற்றியது. மாமி அவரைச் சாப்பிடவிட்டார். கை கழுவி வந்து உட்காரும் வரைக்கும் தூணில் சாய்ந்து நின்றார். பிறகு பேசினார். சத்தமாகப் பேசவில்லை.

"மனே, நான் வீட்டில இல்ல எண்டு எழுதுறீங்களாம். இந்த ஊரில வீட்டில இல்லாத ஆக்கள் எத்தினை பேர் இரிக்காங்க எண்டு உங்களுக்குத் தெரியும். அவங்கட தாய்மார் படத்தைக் கையில வெச்சுக்கொண்டு கந்தோர் கந்தோராத் திரியிறாங்க. நான் இரிக்கன். இரிக்கிறவள இல்லையெண்டு எழுதாதீங்க."

அவர் தலையைக் குனித்துக்கொண்டார். உங்களுக்காகத்தான் அம்மா என்று ஏதோ சொன்னார்.

"தெரியும் மனே. கால் ஏலாது எண்டு எழுதுங்க, அது உண்மை. கையில காசு இல்லையெண்டு எழுதுங்க, அதுவும் உண்மை. வந்தவங்களுக்குச் சோறு போடுறா எண்டும் எழுதுங்க. மூண்டும் நான்தானே. மூண்டையும் ஒண்டா எழுத ஏலாதா?"

அவர் பையைத் திறந்தார். எழுதினார். எழுதியதை மாமிக்கு வாசித்துக் காட்டினார். மூன்றும் இருந்தன. மாமி வட்டாவை அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

அந்த மாதம் முழுக்க, காசு நின்றுவிடும் என்ற பயத்தில், நானும் மனைவியும் மாமியைக் காணும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்தோம். சித்தாண்டிக்குச் சொல்லி அனுப்பலாமா என்றுகூட மனைவி கேட்டாள். காசு வரும் நாளில் நான் மாமியைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு தபால் கந்தோருக்குப் போனேன். வாங்குப் பலகையில் இருந்த எல்லோரும் போய் முடிந்தார்கள். மாமியின் பெயரைக் கூப்பிட்டபோது நான் அவரை எழுப்பிவிட்டேன். அவர் பொல்லை ஊன்றிப் போய், கையெழுத்துப் போட்டு, காசை வாங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தார். அந்த இளைஞர் எழுதியதை மேலே யார் வாசித்தார்கள், வாசித்துவிட்டு ஏன் விட்டுவிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை யாரும் வாசிக்கவே இல்லையோ என்னவோ.

மாமியைக் கரியரில் வைத்துச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். கண்ணில் நீர் வந்தது. அதைக் காட்டாமல் முன்னால் பார்த்தபடி, பாத்தீங்களா மாமி, தந்திட்டாங்க என்றேன்.

"அந்தப் புள்ளைக்கு நண்டுக் கால் உடைக்கத் தெரியல்ல மருமகன், பாவம், அரைவாசியத் தின்னாம வெச்சிட்டுது" என்றார் மாமி. "அடுத்த முறைக்கு நான் உடைச்சே வெப்பன்."